வெள்ளை மணலில் பிடுங்கிய முள்ளங்கி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், உன் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நலம், நம் காய் மண்டியில் தராசுகூட எண்ணெய் போட்டபின் நலமாகத்தான் இருக்கிறது. நலமில்லாமல் இருப்பது ஒரே ஒருவன், உன் மாமா மகன், நாம் சீப்பு என்று கூப்பிடுவோமே, அவன். அவன் அப்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்று அவனே உனக்கு எழுதியிருக்கிறான், நீயும் அதைப் படித்து மனம் இளகி, மச்சான் பாவம், மன்னித்து விட்டுவிடுங்கள் என்று எனக்கு எழுதியிருக்கிறாய். நீ சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் குறைந்ததா, இருமல் நின்றதா என்று ஒரு வரி கிடையாது, கடிதம் முழுக்க அவன் சுகம்தான். சரி, கேட்டுவிட்டாய், பதில் சொல்கிறேன். ஆனால் நடந்ததை அவன் வாயால் கேட்ட நீ என் வாயாலும் கேட்டுவிட்டுப் பிறகு பேசு.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் படகு எஞ்சின் ரிப்பேரை விட்டதிலிருந்து மண்டியில் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே போகிற வருகிறவர்களுக்கு யோசனை சொல்லும் வேலையைப் பிடித்துக்கொண்டார், அதற்கு முழங்கால் தேவையில்லை. தங்கைக்கு மாதம் நெருங்குகிறது, புளிப்பாக எதைக் கண்டாலும் விடுவதில்லை, அவள் வந்துபோன அன்று எலுமிச்சைக் கூடை பாதியாகிவிடுகிறது. மண்டிக் கூரையில் ஓட்டைத் தகரத்தை எடுத்துவிட்டுப் புதுத் தகரம் போட்டாயிற்று. நீ அங்கே டப்பாவில் அடைத்ததைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு சட்டி வாங்கி வைத்துச் சமைத்துச் சாப்பிடு, காய் வியாபாரியின் பிள்ளை டப்பாக் காய் தின்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்குத்தான் அவமானம்.

இனி உன் மச்சான் கதை. கடற்கரை ஓட்டலில் அவனுக்குப் பர்ச்சேஸ் மேனேஜர் வேலை கிடைத்தபோது போட்டுக்கொண்டு போக நல்ல சட்டை எடுத்துக் கொடுத்தவள் நான். உனக்கே தெரியும், பள்ளிக்கூடம் விட்டு நேராக நம் வீட்டுக்குத்தான் வருவான், உன் தட்டில் பாதி அவன் தட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மண்டிக்கு வந்தான், சட்டைப் பையில் சீப்பு, தலையில் கடல் காற்றுக்கே அசையாத எண்ணெய். மலைச் சரிவிலிருந்து காய் இறக்க வந்த விவசாயிகள் எல்லோரும் அப்போது இருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று சொன்னான், வெளிநாட்டுக்காரர்கள் இப்போது தீவுக்கு வந்தால் தீவில் விளைந்ததைத்தான் தின்ன ஆசைப்படுகிறார்கள், முள்ளங்கி, கேரட், கீரை, எவ்வளவு போட்டாலும் ஓட்டல் எடுத்துக்கொள்ளும், துணிந்து போடுங்கள் என்று. விவசாயிகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். போடுங்கள், நான் இருக்கிறேன் என்றேன்.

அந்தத் தலையாட்டல் என்ன விலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் நிற்கும் இடத்தில் தரையில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டு விற்றுத்தான் நான் ஆரம்பித்தேன். எனக்குக் கடன் கொடுத்தவர் எவரும் இல்லை, கை பிடித்துத் தூக்கிவிட்டவர் எவரும் இல்லை, மண்டியம்மா சொன்னால் எடுத்துக்கொள்வாள் என்ற ஒரே பேச்சுதான் என் முதல். அந்தப் பேச்சை நம்பித்தான் சரிவில் ஒவ்வொருவரும் விதை போட்டார்கள். முள்ளங்கிக்காரி, வீட்டுக்காரர் இறந்தபின் தனியாகத் தோட்டம் பார்க்கிறாளே, அவள் மாட்டுக்குப் புல் விட்டிருந்த துண்டையும் கொத்திப் போட்டாள். மாட்டுக்கு என்ன செய்வாய் என்று நான் கேட்டதற்கு, நீங்க சொன்னீங்கல்ல மண்டியம்மா என்று சிரித்தாள்.

விளைச்சல் வந்தது, முதல் வண்டியை நானே கூட்டிக்கொண்டு ஓட்டல் கேட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வெயிலில் நிறுத்திவைத்தார்கள், இலை எல்லாம் துவண்டு போனபின் உன் மச்சான் மெதுவாக நடந்து வந்தான். சலவைக்குப் போகும் பெண்கள், டாக்ஸி டிரைவர்கள், காவல்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடையைக் கையால் தொடவில்லை, ஷூ முனையால் தள்ளிப் பார்த்தான். "அத்தை, இது ஓட்டல், சந்தை இல்ல. ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, கோணல்மாணலா. இத விருந்தாளி தட்டுல வச்சா என்னையத்தான் சிரிப்பாங்க" என்றான். அதற்குள் அவனுக்குப் பின்னால் கப்பலிலிருந்து வந்த குளிர்பெட்டி லாரி திறந்து நின்றது, உள்ளே ஒரே அளவாக அடுக்கின முள்ளங்கி, இலையை வெட்டி மொட்டையாக, பிளாஸ்டிக் உறைக்குள். அக்கரைச் சரக்குக்காரர் அவனுக்கு என்ன செய்தார் என்று நான் துருவப் போகவில்லை. அவன் புது மோட்டார் சைக்கிள் தானாகவே வந்து என் கண்ணில் பட்டது.

அவ்வளவு காயையும் இந்தச் சின்ன ஊர் தின்று முடிக்குமா. விற்ற வரைக்கும் விற்றேன், மிச்சம் முற்றிக் கட்டையாகிவிட்டது, சரிவில் அப்படியே மண்ணோடு மண்ணாக உழுதுவிட்டார்கள். முள்ளங்கிக்காரி மாட்டையும் விற்றாள். யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கவில்லை, வந்து திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசி மனம் ஆறியிருப்பேன். அவள் செய்தது ஒன்றுதான். கீழே இறங்கி வரும்போது என் மண்டி இருக்கும் பக்கம் நடக்காமல் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். ஒருத்தி எதிர்ப்பக்கம் நடந்தால் மற்றவர்களும் நடப்பார்கள். அடுத்த விதைப்புக்கு என்னிடம் ஒருவரும் யோசனை கேட்டு வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தெருவைப் பார்த்தபடி இருந்தேன், அன்றைக்கே முடிவு செய்தேன், இவனை விடுவதில்லை என்று. அப்பா பட்டாணியை உரித்துக்கொண்டே, அண்ணன் பிள்ளைதானே, விடு, உனக்கு ரத்தக்கொதிப்பு வேறு இருக்கிறது என்றார். ரத்தம் கொதிப்பதே அதற்காகத்தான் என்றேன்.

கோபத்தில் ஓடிப்போய்ச் சண்டை போடுகிற ஆள் நான் இல்லை, சரக்கு விலை ஏறும்வரை காத்திருக்கத் தெரிந்தவள். காத்திருந்தேன். அப்போதுதான் ஒரு விசித்திரமான வாடிக்கைக்காரர் வர ஆரம்பித்தார். ஓட்டலில் நீச்சல்குளம் சுத்தம் செய்கிறவர், குளத்துக்காரர் என்று சொல்வோமே, அவர். விடிந்தும் விடியாமலும் வந்து கொஞ்சம் முள்ளங்கி, கொஞ்சம் கேரட் எடுப்பார். கிழங்கை அழுத்திப் பார்க்கமாட்டார், முற்றலா இளசா என்று நகத்தால் கீறமாட்டார், இலை பச்சையாக நிமிர்ந்து நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார். தின்பதற்கு வாங்குகிற எவனும் இப்படி வாங்கமாட்டான். ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்து, என்ன குளத்துக்காரரே, வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா என்று கேட்டேன். மனுஷன் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அவருக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை.

கேட்டுக்கொள். ஓட்டல் வாசலில் பெரிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள், எங்கள் தீவு, எங்கள் தோட்டம், உங்கள் தட்டு என்று. விருந்தாளிகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அவர்கள் கையாலேயே முள்ளங்கி பிடுங்கவைத்து, போட்டோ எடுத்து, வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் அதைத் தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே போவார், மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அது வரும். இதற்குத் தனி டிக்கெட். தோட்டம் எங்கே என்கிறாய், யாரும் விளையாடாத பழைய டென்னிஸ் மைதானத்தின் மேல் கடற்கரை மணலைக் கொட்டிச் சுற்றிலும் மூங்கில் வேலி போட்டிருக்கிறார்கள். அந்த உப்பு மணலில் புல்கூட முளைக்காது. கப்பல் முள்ளங்கியோ மொட்டை, இலை இல்லாததை நட்டால் குழந்தைகூடச் சிரிக்கும். ஆகையால் விருந்தாளிகள் எழுந்திருப்பதற்கு முன்னால் குளத்துக்காரர் நம் சரக்கை வாங்கிப்போய் வரிசையாக மணலில் செருகி மேலே தண்ணீர் தெளித்து வைப்பார். விருந்தாளிகள் பிடுங்குவார்கள். சமையலறைக்குள் போனதும் நம்முடையது நேராக, மிச்சம்மீதி எடுத்துப்போக வருகிற ஆட்டுக்காரர் வாளிக்குப் போகும், மேஜைக்குக் கப்பல் முள்ளங்கி வரும். இந்த யோசனை முழுக்க உன் மச்சானுடையது, இதற்காக அவனுக்கு மேலிடத்தில் கைதட்டல்கூடக் கிடைத்ததாம்.

மகனே, என் சரக்கை வேண்டாம் என்றவனைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேனோ என்னவோ. என் சரக்கை ஷூவால் தள்ளிவிட்டு, பின்வாசல் வழியாக அதையே வாங்கிப் படத்துக்குப் பிடித்துக்காட்டி ஆட்டுக்குப் போட்டவனை எப்படி மறப்பேன். அன்றிலிருந்து குளத்துக்காரருக்கு நல்ல இலையாகப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்கே சொல்லவில்லை, அவர் வாயில் பட்டாணிகூட நிற்காது.

பிறகு குளத்துக்காரர் ஒரு நாள் அவசரமாக வந்தார், இரண்டு மடங்கு வேண்டும் என்றார். ஓட்டல் முதலாளியம்மா அக்கரையிலிருந்து வருகிறார், கூடவே வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், தோட்டம் பிடித்திருந்தால் அடுத்த சீசன் முழுக்க ஆட்களை இங்கேதான் அனுப்புவார்களாம் என்றார். தருகிறேன் என்று அனுப்பிவைத்துவிட்டு, சரிவு ஏறி முள்ளங்கிக்காரி வீட்டுக்குப் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடப்பதைச் சொன்னேன். கடைசியில் எனக்கு உன் தோட்டத்து முள்ளங்கி வேண்டும், ஆனால் கழுவாமல் வேண்டும் என்றேன். நம் மண்டியில் கழுவாத கிழங்கை நான் வாசலைத் தாண்ட விட்டதே இல்லை, உனக்குத் தெரியும், சரிவில் எல்லோரும் ஊற்றுத் தொட்டியில் கழுவிவிட்டுத்தான் இறக்குவார்கள், அந்தச் செம்மண் அப்படிப் பிடிக்கும், சல்லிவேர் நடுவில் புகுந்தால் தேய்த்தால்தான் போகும். அதனால் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தத் தடவையும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு நடுவுல விட்டுட்டுப் போவீங்களா" என்று கேட்டாள். இந்தத் தடவை நீயும் என்கூட வா என்றேன்.

குளத்துக்காரர் மண் ஒட்டின முள்ளங்கியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். மனுஷன் வாழ்நாள் எல்லாம் தண்ணீரில் இலை பொறுக்கினவர், மண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். மண்ணோடு இருந்தால் இன்னும் நிஜமாகத் தெரியும், நல்ல யோசனை மண்டியம்மா என்று எனக்கு நன்றி வேறு சொல்லி எடுத்துப்போனார். அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நான், அப்பா, முள்ளங்கிக்காரி மூன்று பேருக்கும் டிக்கெட் வாங்கினேன். இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு போனோம். அப்பா முனகிக்கொண்டே வந்தார், வாசலில் வரவேற்புக்கு வைத்திருந்த பிஸ்கட்டைப் பார்த்ததும் முனகல் நின்றது. உன் மச்சான் எங்களைப் பார்த்தான். பக்கத்தில் முதலாளியம்மா, விரட்ட முடியாது, வாங்க அத்தை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான், கை தானாகப் பையிலிருந்த சீப்புக்குப் போனது. வழி காட்டுகிற பெண் ஒருத்தி தேன் ஒழுகப் பேசினாள், எங்கள் முன்னோர் காலத்து மண், மருந்து படாத மண் என்று. வந்தவர்கள் குனிந்து ஆளுக்கொன்று பிடுங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். அதில் வயதான விருந்தாளி ஒருவர், அவர் ஊரில் உருளைக்கிழங்கு போடுகிறவராம், பிடுங்கினதைக் கேமராவுக்குக் காட்டாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் வேரைத் தேய்த்தார். விரல் சிவந்தது. காலடியில் இருந்த வெள்ளை மணலைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், இந்தச் சிவப்பு மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார், சாதாரணமாகத்தான் கேட்டார். அவள், மேலேதான் மணல், ஆழத்தில் செம்மண் என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். வேலியில் அழகுக்குச் சாத்திவைத்திருந்த மண்வெட்டியை எடுத்து, அப்படியா, எவ்வளவு ஆழம் என்று பார்ப்போம் என்று வெட்ட ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவது வெட்டிலேயே டங் என்று சத்தம். மணலுக்கு அடியில் சிமெண்டுத் தரை, அதில் டென்னிஸ் விளையாட்டுக்குப் போட்ட வெள்ளைக் கோடு. வீட்டுக்கு வந்தபின், எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை, உன் பழிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றார். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம், அன்று அவருக்கு நான் இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. உருளைக்கிழங்குக்காரர் முள்ளங்கியை மெதுவாகத் தரையில் வைத்தார். சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியம்மா, இது யாருடைய முள்ளங்கி என்று பொதுவாகக் கேட்டார். முள்ளங்கிக்காரி குனிந்து அதை எடுத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மண்ணைத் தட்டி, என்னோடது என்றாள். அதற்குப் பிறகு நான் பேசினேன். கேட்டில் நடந்தது, ஆட்டுக்காரர் வாளி, எல்லாம் சொன்னேன், குரலை உயர்த்தவில்லை. உன் மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கியிருந்தேன், தலையைத் திருப்பாமல் கடைசிவரை பார்த்தேன்.

மறுநாளே முதலாளியம்மா மண்டிக்கு வந்தார். கெட்டிக்காரி, சுற்றி வளைக்கவில்லை. வந்தவர்கள் போய்விடவில்லை, ஆனால் நிஜத் தோட்டத்தைக் காட்டினால்தான் பேச்சு என்கிறார்கள், சரிவுக்கு ஆட்களைக் கூட்டிப்போக முடியுமா, காயை உங்களிடமே எடுக்கிறோம், அந்தப் பையனை இன்றைக்கே வேலையை விட்டு எடுத்துவிடுகிறேன் என்றார். அதற்கு முந்தின இரவே உன் மாமா ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார், இனிமேல் அவருக்குத் தங்கை கிடையாதாம். மச்சானின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து அழுதுவிட்டுப் போனாள், பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. உன் கடிதம்தான் பிந்தி வந்தது. அன்றைக்கு எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றைத்தான் கேட்டார்கள், அவன் வேலை போகக்கூடாது என்று.

போகக்கூடாது என்றுதான் நானும் முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். நீயும் இதைப் படித்து அம்மா மனம் இரங்கிவிட்டாள் என்று சந்தோஷப்படாதே. வேலையை விட்டு எடுத்தால் அவன் கப்பலேறி அக்கரை போய், தன்னைப் பற்றி ஏதாவது கதை சொல்லி வேறு ஓட்டலில் மறுபடி எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு நிற்பான், நான் யாரைப் பார்ப்பேன். அவன் இங்கேதான் இருக்க வேண்டும், அதே வேலையில். ஆகையால் கேட்டதைக் கேட்டேன். விதை போடும்போதே ஓட்டல் ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், என் தலையாட்டல் போதாது, விளைந்ததில் கோணல் நேர் எல்லாம் எடுக்க வேண்டும். சரிவுக்கு வருகிற விருந்தாளிகள் ஓட்டலுக்குத் திரும்பிச் சாப்பிடக்கூடாது, தோட்டத்துக்காரர்கள் கூரைக்குக் கீழே, அவர்கள் சமைத்ததை, அவர்கள் சொல்லும் விலைக்குச் சாப்பிட வேண்டும். குளத்துக்காரர் மேல் கை வைக்கக்கூடாது. கடைசியாக, உன் மச்சான் தினமும் விடியற்காலையில் தானே நடந்து மண்டிக்கு வர வேண்டும், மோட்டார் சைக்கிள் கூடாது, ஆளை அனுப்பக்கூடாது. தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கூடையையும் கையால் எடுத்துப் பார்த்து, கூடைக்காரர் முன்னால், நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். முதலாளியம்மா எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு, கடைசி நிபந்தனை எதற்கு, அதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லையே என்றார். எனக்கு எல்லாமே லாபத்துக்காக இல்லை என்றேன்.

ஒப்பந்தம் எழுதியாயிற்று, ஆனால் சரிவில் ஒருவரும் விதை வாங்க வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, அவன் தலை குனிந்து என்ன பயன், இவர்கள் நிமிர்ந்து என் பக்கம் வராவிட்டால். முதல் நாள் காலை, இருந்த கொஞ்சநஞ்சக் காயோடு வந்தவர்கள்கூட எதிர்ப்பக்கத்தில்தான் கூடையை இறக்கி வைத்து நின்று பார்த்தார்கள். அவன் வந்தான். நடந்துதான் வந்தான், சட்டையில் மடிப்புக் கலையவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நானும் வா என்று சொல்லவில்லை. முள்ளங்கிக்காரி மட்டும் தெருவைக் கடந்து வந்து கூடையைத் தராசு முன்னால் வைத்தாள். அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான், கோணல்தான் அது, கால் மடக்கி உட்கார்ந்த மாதிரி இரண்டாகப் பிரிந்த கிழங்கு. நல்லாருக்கு என்று தாடைக்குள் சொன்னான்.

அவள் கூடையை விட்டுக் கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும். அங்க நிக்கிறவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்றாள்.

சொன்னான். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான், சொல்லும்போது காது இரண்டும் சிவந்துபோனது. எதிர்ப்பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார், இன்னொருவர் என் கூடைக்கும் சொல்லச் சொல்லு என்று கத்தினார், ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். அவன் ஒவ்வொரு கூடைக்கும் சொன்னான். எல்லாம் முடிந்து வண்டி போனபின் முள்ளங்கிக்காரி காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாடு ஒன்று பார்த்திருக்கிறேன், புல்லுக்கு விட வேண்டிய துண்டில் முள்ளங்கி வேண்டாம், மிச்சத்தில் எவ்வளவு கேரட் போடலாம், மண்டியம்மா என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தகரத்து வெளிச்சம் கண்ணில் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். விதை வாங்க எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இப்போது வாரம் தவறாமல் விருந்தாளிகள் சரிவேறிப் போகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், கையைச் சிவப்பாக்கிக்கொண்டு ஊற்றுத் தொட்டியில் தாங்களே கழுவி, உப்புத் தொட்டுப் பச்சையாகவே கடித்துவிட்டுப் பிறகு சாப்பிட உட்காருகிறார்கள். முள்ளங்கிக்காரி பாஷை தெரியாமலே எல்லோரையும் அதட்டுகிறாள், அவர்களும் அதற்கு அடங்கி உட்காருகிறார்கள். உன் மச்சான் தினமும் வருகிறான். இத்தனை நாளில் விவசாயிகளுக்கு அவன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது, சிலர் அவனுக்கு டீகூடக் கொடுக்கிறார்கள், அப்பா பட்டாணி கொடுக்கிறார். நான் கொடுக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினாயே, மன்னிக்கவில்லை. அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது, குழந்தைக்குப் பால் இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு. அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. உன் மாமா பேசினால் பேசட்டும், பேசாவிட்டால் போகட்டும், அவர் பிள்ளை கூடையை ஷூவால் தள்ளியபோது அவர் எங்கே போயிருந்தார்.

நோய் நொடி அண்டாமல், உழைத்தது கையில் தங்கி, நல்ல மனிதர்கள் நடுவில் நீ நெடுநாள் வாழ வேண்டும். அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார், கூடவே மண்வெட்டி வெட்டினதைப் பெரிதாக எழுதிவிடாதே என்றும் சொன்னார், எழுதிவிட்டேன். கம்பளித் தொப்பியைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் தலையில் போடு. தங்கைக்குப் பிள்ளை பிறந்ததும் தகவல் வரும், அப்போதாவது லீவு கேள். மச்சான் மறுபடி உனக்கு எழுதினால் பதில் எழுது, தடுக்கமாட்டேன், ஆனால் அதில் ஒன்றை மட்டும் என் பேரைச் சொல்லி எழுது, சீக்கிரம் படுத்துத் தூங்கச் சொல், தராசு முன்னால் கொட்டாவி விடுகிறான், கடைசிக் கூடைக்கு வரும்போது குரல் தேய்ந்துவிடுகிறது.

என்றும் உன் நினைவில்,
அம்மா,
மண்டியிலிருந்து.